கல்லூரிப் பிள்ளைகளை ஒரே ஒரு முறை எண்ணுவது எப்படி? புதிதாகக் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களுக்குக் கொடுத்த கணக்கெடுப்புத் தொகுதிக்குள் ஒரு கல்லூரி விடுதியோ, மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளோ இருக்கின்றனவா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்குப் பெருந்துறைப் பக்கம் அப்படியொரு தொகுதி விழுந்தது. பயிற்சி வகுப்பில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்து அழகாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். களத்தில் இறங்கினால் மொட்டை மாடி ஷெட்டில் ஏழெட்டுப் பையன்கள், இரண்டு அடுப்பு, வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை. யாரைக் கேட்டாலும் "ஏதோ ஒண்ணு போட்டுக்குங்க டீச்சர்" என்றுதான் பதில். ஏதோ ஒன்றைப் போட வேண்டியதில்லை. விதி தெளிவாகவே இருக்கிறது, அதை இந்தப் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பார்க்கத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு கட்டம். வீடுகளைப் பட்டியலிடுவது 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கிய 30 நாளில். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். எண்ணிக்கை எந்த நேரத்து நிலவரம் என்றால், 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணி. மாணவர் விஷயத்தில் சிக்கல் முழுக்க இரண்டாவது கட்டத்தில்தான்.

2011 கணக்கெடுப்பு முடிந்த பிறகு அரசே மாதிரி வீடுகளில் மறுபடி எண்ணிச் சரிபார்த்தது. நிகரமாக ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். ஓரிடத்தில் நிலையாக இல்லாத இளவட்டங்கள் எவ்வளவு எளிதாக நழுவுவார்கள் என்பதை ஒரு விடுதி வராந்தாவில் நின்று பார்த்தாலே தெரியும். இன்னொரு பக்கம், ஊரில் அம்மா ஒரு தடவை, விடுதியில் வார்டன் ஒரு தடவை என்று இரண்டு இடத்திலும் ஏறிவிடுவதும் இவர்கள்தான்.

1. தூங்கும் இடம், சாப்பிடும் அடுப்பு

எந்தக் குழப்பம் வந்தாலும் இரண்டே கேள்வி. வழக்கமாக எங்கே தங்கித் தூங்குகிறார்? எந்த ஊர்க் கணக்கில் வருவார் என்பதை அது சொல்லிவிடும். எந்த அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறார்? எந்தக் குடும்பத்தோடு எழுத வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியல் எதுவும் இதில் சேராது.

அடிக்கடி வரும் ஆட்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம்.

விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புகிற பிள்ளை விடுதிக் கணக்கு. நீங்கள் போகிற நாளில் மாசி நோம்பிக்கோ, கல்யாணத்துக்கோ ஊருக்குப் போயிருந்தாலும் விடுதிதான். ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போனவரும் அப்படியே.

கல்லூரி பஸ்ஸில் தினமும் வந்து போகிறவர் வீட்டுக் கணக்கு. கல்லூரிக்கு இவரோடு சம்பந்தமே இல்லை.

அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் தங்கிப் படிக்கிற பெண் அமுச்சி வீட்டுக் கணக்கு. குடும்பத் தலைவர் அப்புச்சி (அம்மாவின் அப்பா) என்றால் அவருக்கு இவள் மகள் வழிப் பேத்தி என்று உறவைப் போடுங்கள். 'விருந்தாளி' என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள், விடாதீர்கள்.

கடைசி வருடப் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். பொறியியல் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி மாதம் என்பது எட்டாவது செமஸ்டர். பாதிப் பேர் புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் என்று சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருப்பார்கள். விடுதிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெட்டிகூடக் கட்டிலுக்கு அடியில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். கணக்கெடுப்பு நடக்கும் நாட்கள் முழுவதும் வெளியூரில் தங்கியிருந்தால் அவரை அங்கேதான் எண்ண வேண்டும். இடையில் திரும்பி வந்துவிடுவார் என்றால் உங்கள் கணக்கு.

வெளிநாட்டில் படிக்கப் போய் இந்தக் காலம் முழுக்க அங்கேயே இருப்பவரை எழுதக் கூடாது. இங்கே வந்து தங்கிப் படிக்கிற வெளிநாட்டு மாணவரை எழுத வேண்டும். தூதரக அந்தஸ்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. பாலக்காட்டிலிருந்து வந்து கோவையில் தங்கிப் படிக்கும் பிள்ளையை "அவங்க கேரளா கணக்குங்க" என்று வார்டன் சொன்னால் தலையாட்டி விடாதீர்கள்.

2. வேலை தொடங்கும் முன் ஒரு சுற்று

வரைபடம் கைக்கு வந்ததும், கணக்கெடுப்புத் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது ஒரு சாயங்காலம் நடந்து பார்த்துவிடுங்கள். கல்லூரி விடுதி எல்லோர் கண்ணிலும் படும். படாதது சுற்றியுள்ளவை. கோவையில் பீளமேடு, சரவணம்பட்டி, அப்புறம் திருச்செங்கோட்டுப் பக்கம், பெருந்துறைப் பக்கம் என்று கல்லூரி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பெயர்ப் பலகை இல்லாத லேடீஸ் ஹாஸ்டல், கடைக்கு மேலே மாடி ரூம், தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை) மாற்றிக் கட்டிய அறைகள் என்று முளைத்திருக்கும். வீடு வீடாகப் போகும்போது இவை வெளியிலிருந்து பூட்டிய கதவாகத்தான் தெரியும்.

இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி: பக்கத்து மெஸ்காரரையும் தண்ணீர் கேன் போடும் தம்பியையும் கேளுங்கள். எந்த மாடியில் எத்தனை பேர் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பெரிய விடுதியாக இருந்தால், அது மட்டுமே ஒரு தொகுதியின் அளவுக்கு வந்துவிடும். அப்படித் தெரிந்தால் மேற்பார்வையாளர் மூலமாக உடனே சார்ஜ் அலுவலருக்குச் சொல்லுங்கள். கிராமப் பகுதியில் தாசில்தார், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலர். தனியாகப் பிரிப்பதோ, கூட ஒருவரைப் போடுவதோ முன்கூட்டிச் சொன்னால்தான் நடக்கும். பிப்ரவரி பாதியில் போய்ச் சொன்னால் "எப்படியாவது முடிச்சிருங்க" என்பார்கள்.

3. விடுதிக்குள்

விடுதி என்பது கணக்கெடுப்பு மொழியில் நிறுவனக் குடும்பம். உறவில்லாத பலர் ஒரு நிறுவனத்தில் தங்கி, பொதுச் சமையலில் சாப்பிடும் இடம். ஆனால் அதே வளாகத்தில் வார்டன் குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் அது தனிச் சாதாரணக் குடும்பம். சமையல் மாஸ்டர், பாத்திரம் கழுவும் அம்மா, இரவு வாட்ச்மேன் ஆகியோர் உள்ளேயே தங்கினால் மாணவர்களோடு சேர்த்து விடுதிக் கணக்கில் எழுத வேண்டும். இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள், நீங்கள் கேட்டால்தான் வருவார்கள். மெஸ் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறைகளைக் கட்டாயம் எட்டிப் பாருங்கள்.

முதலில் முதல்வருக்கு ஒரு கடிதம். நியமன ஆணையின் நகலை இணைத்து, கணக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்து, இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "மேனேஜ்மென்ட்கிட்ட கேக்கணும்" என்று இழுக்கும் இடங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது கடமை என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாகவே எழுதிவிட்டால் அந்த இழுவை குறையும். வாயால் சொல்லிச் சண்டை போடுவதைவிட எழுத்தில் இருப்பது மேல்.

அடுத்தது பட்டியல். ஆபீசில் கேட்டால் அட்மிஷன் பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அதில் டே ஸ்காலர், பாதியில் நின்றவர், வெளியே ரூம் எடுத்தவர் எல்லோரும் கலந்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அறை எண் வாரியான பட்டியல். அறை, பெயர், இப்போது உள்ளே தங்குகிறாரா, பிப்ரவரி முழுக்க வெளியூரா என்று நான்கு கட்டம் போட்டு நீங்களே ஒரு தாள் தயாரித்துக் கொடுங்கள். மெஸ் பில் போடுகிறவரிடம் இருக்கும் கணக்கையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுதிக் கட்டணம் கட்டிவிட்டு மெஸ் பில்லில் மாதக்கணக்காகப் பெயரே இல்லாதவர் பெரும்பாலும் வெளியே எங்கோ தங்குகிறார்.

அந்தப் பட்டியல் தேடுவதற்கு மட்டும்தான். அதைப் பார்த்து அப்படியே பதிந்துவிடலாம் என்று வார்டனே யோசனை சொல்வார். செய்யாதீர்கள். தாய்மொழி, மாற்றுத்திறன், திருமண நிலை எதுவும் வார்டனுக்குத் தெரியாது. கல்யாணம் ஆனதை விடுதியில் சொல்லாமல் படிக்கும் பெண்கள் உண்டு. அதனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மெஸ் ஹாலில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து உரக்கக் கேட்பது வேகமாக நடக்கும், ஆனால் பதில் பொய்யாக வரும். இந்த முறை எல்லோருடைய சாதியும் கேட்கப்படுகிறது என்பதால் இது இன்னும் முக்கியம். அறைத் தோழர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் மனம்விட்டுச் சொல்லாது. வராந்தாக் கோடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். பிள்ளை சொல்வதை எழுதுங்கள், திருத்தாதீர்கள், சான்றிதழ் கேட்காதீர்கள்.

நேரம்: வார நாளில் சாயங்காலம் 5 முதல் 7 வரை. அதற்குப் பிறகு படிப்பு நேரம் என்று வார்டன் விரட்டுவார். சனி ஞாயிறு போனால் பாதி அறை பூட்டியிருக்கும். பெண்கள் விடுதிக்கு ஆண் கணக்கெடுப்பாளர் போவதாக இருந்தால் வரவேற்பறையிலேயே உட்கார இடம் கேட்டு வாங்குங்கள். இன்டர்னல் தேர்வு எப்போது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தேர்வு வாரத்தில் ஒரு தளம்கூட முடியாது.

4. ரூம் எடுத்துத் தங்குபவர்கள்

இதுதான் கடினமான பகுதி. ஒரே மாதிரித் தோன்றும் அறைகளில் குடும்ப எண்ணிக்கை வேறு வேறாக வரும்.

நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்றால் ஒரே குடும்பம். அவர்கள் யாரைச் சொல்கிறார்களோ அவர் தலைவர், மற்றவர்கள் உறவில்லாதவர்கள்.

அதே நான்கு பேர், அதே அறை, ஆனால் அடுப்பே இல்லை. ஒருவர் மெஸ், ஒருவர் பார்சல், ஒருவர் கல்லூரிக் கேன்டீன். அப்படியானால் நான்கு பேரும் நான்கு தனிக் குடும்பம். ஆமாம், ஒரு ரூமில் நான்கு குடும்பம். முதலில் பார்க்கும்போது தப்புப் போலத்தான் தெரியும், தைரியமாகப் போடுங்கள். பொதுச் சமையல் இல்லாமல் தங்கும் உறவில்லாதவர்களைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதே விதி.

வீட்டுக்காரர் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்து, அவர்கள் சமையலையே சாப்பிடும் பையன் அந்த வீட்டுக் குடும்பத்தில் ஓர் ஆள். பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) என்று நடத்தி, இருபது முப்பது பேருக்குச் சமைத்துப் போடும் இடம் நிறுவனக் குடும்பம்.

நடுவில் ஒரு வகை உண்டு. குக்கரில் சோறு மட்டும் சேர்ந்து வடிப்பார்கள், குழம்பு மெஸ்ஸிலிருந்து வாங்குவார்கள். இதை வைத்து நானும் மேற்பார்வையாளரும் நடுத்தெருவில் நின்று வாதாடியிருக்கிறோம். சோறு சேர்ந்து வடித்தாலே ஒரே குடும்பம் என்று கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார். உங்கள் மேற்பார்வையாளரிடம் இதைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கத்துத் தொகுதிக்காரரும் அதே மாதிரி போட வேண்டும் அல்லவா?

வீட்டுக்காரர்களின் பயம் தனி. வாடகைக்கு விட்டது தெரிந்தால் சொத்து வரி ஏறும், கரண்ட் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்து "மேல யாரும் இல்லைங்க, சும்மா பூட்டிக் கெடக்குது" என்பார்கள். மேலே துணி காய்ந்துகொண்டிருக்கும். வாக்குவாதம் வேண்டாம். கணக்கெடுப்புப் பதிவை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது, வழக்கில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்று 1948 சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். வரி அலுவலகத்துக்கு இந்தத் தகவல் போகாது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் சாவியைத் தருவார்கள். முதல் கேள்வியே "வாடகை எவ்வளவுங்க?" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது.

இந்த ரூம்களுக்கு இரவு 8 மணிக்கு மேல்தான் போக முடியும். பெண் ஆசிரியர்கள் தனியாகப் போகாதீர்கள். கிராம உதவியாளரையோ, வார்டு ஊழியரையோ கூட அனுப்பும்படி முன்பே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கும் அப்போது வேலை குவிந்திருக்கும், அதனால் நாள் சொல்லிப் பிடித்து வைக்க வேண்டும்.

5. ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் தகவல்

இரட்டைப் பதிவு உங்கள் தொகுதியில் நடப்பதில்லை. கோபியிலோ, தாராபுரத்திலோ, ராசிபுரத்திலோ ஒரு திண்ணையில் நடக்கிறது. அங்கே போகிற கணக்கெடுப்பாளர் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பார். எந்தத் தாய் மகனை விட்டுவிட்டுச் சொல்வாள்?

என் சித்தி வீட்டிலேயே இதுதான் பேச்சு. "பையன் பேரு இல்லாம எப்படிங்க குடும்பம்? நாளைக்கு ரேஷன்ல, சொத்துல ஏதாச்சும் வந்துருமுங்களா?" எதுவும் வராது. கணக்கெடுப்பில் பெயர் எங்கே இருக்கிறது என்பது ரேஷன் கார்டையும் தொடாது, பாகப்பிரிவினையையும் தொடாது, கல்வி உதவித்தொகையையும் தொடாது. இதை நாலு பேருக்கு முன்னால் ஒரு தடவை நன்றாகச் சொல்லிவிட்டால் அந்தத் தெருவுக்கே போதும்.

இந்த முறை குடும்பங்கள் தாங்களே இணையத்தில் பதிந்து, கிடைக்கும் அடையாள எண்ணைக் கணக்கெடுப்பாளரிடம் காட்டும் வசதி இருக்கிறது. வீட்டில் பதிவது பெரும்பாலும் அப்பாவோ அக்காவோதான். அவர்கள் விடுதிப் பிள்ளையையும் பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். எண் காட்டிவிட்டார்கள் என்று நீங்களும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், பெயர்களை வாசித்து "இவங்க எல்லாம் இங்கதான் தங்கறாங்களா?" என்று ஒவ்வொருவருக்கும் கேளுங்கள்.

விடுதியில் ஒரு பிள்ளையை எழுதி முடித்ததும், அங்கேயே வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடச் சொல்லுங்கள்: "சென்சஸில் என் பெயரை ஹாஸ்டலில் எழுதிவிட்டார்கள். வீட்டில் கேட்டால் என்னைச் சேர்க்க வேண்டாம்." இதைத் தட்ட அரை நிமிடம் ஆகாது.

கிராமத் தொகுதி கிடைத்தவர்களுக்கும் ஒன்று. வீட்டுப் பட்டியல் கட்டத்தில் ஐந்து பேர் என்று பதிவாகியிருக்கும், இப்போது எண்ணினால் நான்கு பேர்தான் இருப்பார்கள். பழைய எண்ணுக்குப் பொருத்துவதற்காக விடுதிப் பையனைத் திரும்ப உள்ளே இழுக்காதீர்கள்.

6. மாணவர் விஷயத்தில் தவறும் கேள்விகள்

2011 படிவத்தை வைத்துச் சொல்கிறேன். பயிற்சியில் தரும் கேள்விகளின் வரிசை மாறியிருந்தாலும் தடுக்கும் இடங்கள் இவைதான்.

அதிகபட்சக் கல்வி என்றால் முடித்தது. பி.இ. மூன்றாம் வருடம் படிப்பவருக்கு அது பிளஸ் டூ. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்தவருக்கு டிப்ளமோ. கல்லூரி போகிறாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பினால் மாவட்டம் முழுக்கப் பட்டதாரிகளாகிவிடும்.

வேலை பார்த்தாரா என்ற கேள்வியை "ஸ்டூடண்ட்தானே" என்று தாண்டாதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் எப்போதாவது வேலை செய்தாரா என்பதுதான் கேள்வி. நம் பக்கத்தில் இதற்கு 'ஆமாம்' என்று வரும் பிள்ளைகள் நிறைய. திருப்பூரில் செமஸ்டர் லீவில் பனியன் கம்பெனிக்குப் போனவர், சாயங்காலம் உணவு டெலிவரி செய்கிறவர், பள்ளிபாளையத்திலோ சோமனூரிலோ வீட்டுத் தறியில் உட்காருகிறவர், தோட்டத்தில் மஞ்சள் வெட்டுக்கு நிற்கிறவர். சொந்தத் தறி, சொந்தத் தோட்டம், கூலி இல்லை என்றாலும் அது வேலைதான். 2011இல் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவரைக் குறு வேலையாளராகப் பதிந்து, கூடவே மாணவர் என்பதையும் பதிய முடிந்தது.

முன்பு குடியிருந்த இடம் என்பது இங்கே வருவதற்கு முன் கடைசியாகக் குடியிருந்த ஊர், பெரும்பாலும் வீடு இருக்கும் ஊர். வந்த காரணம் கல்வி. எத்தனை வருடம் என்பது இந்த ஊருக்கு வந்ததிலிருந்து. பிறந்த தேதியில் சான்றிதழ்த் தேதியும் உண்மைத் தேதியும் வேறாக இருக்கிறது என்று பிள்ளை தயங்கினால், உண்மையில் பிறந்த தேதியைப் போடுங்கள்.

7. ஆவணமும் செலவும்

பொதுமக்கள் எந்த ஆவணமும் காட்ட வேண்டியதில்லை, ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. ஓ.டி.பி., வங்கிக் கணக்கு, பான் எண் என்று யாராவது கேட்டால் அவர் கணக்கெடுப்பாளர் அல்ல. இதை விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

உங்களிடம் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, நியமன ஆணையின் நான்கைந்து நகல், வரைபடம், கடிதத்தின் கையெழுத்திட்ட பிரதி. இந்த முறை பதிவெல்லாம் கைபேசிச் செயலியில் என்பதால் பவர் பேங்க் அவசியம். கைக்காசு போகும் இடங்கள் பெட்ரோல், ஜெராக்ஸ், டேட்டா. மதிப்பூதியம் பிறகுதான் வரும், அதை நம்பி மாத பட்ஜெட் போடாதீர்கள். பள்ளி வேலையும் சேர்ந்துதான் ஓடும். எனவே விடுதி இருக்கும் தொகுதி என்றால் முதல் வாரத்திலேயே விடுதியைத் தொடங்கிவிடுங்கள், வீடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

8. மார்ச் 1க்குப் பிறகு

2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணிவிட்டு, மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி ஒரு சுற்று போனோம். இடையில் பிறந்த குழந்தை, இறந்தவர், எங்கேயும் எண்ணப்படாமல் புதிதாக வந்து சேர்ந்தவர் ஆகியோருக்கான சுற்று அது. விடுதியில் இதற்கு வேலை உண்டு. நடுவில் அறை மாறியவர், இன்டர்ன்ஷிப்பை முடித்துத் திரும்பியவர், வெளியே ரூமைக் காலி செய்துவிட்டு விடுதிக்கு வந்தவர் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் "இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் எழுதினாங்களா கண்ணு?" என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் சேருங்கள். நீங்கள் ஏற்கெனவே எண்ணிய பிள்ளை ரூமைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தால் பெயரை அடிக்காதீர்கள், அவரை இனி வேறு யாரும் எண்ண மாட்டார்கள்.

முதல் சுற்றில் தயாரித்த அறைவாரித் தாளை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். எந்த அறையில் யாரிடம் பேசவில்லை என்று அதில்தான் தெரியும். வேலை முடிந்ததும் அந்தத் தாளைக் கல்லூரி ஆபீசில் விட்டுவிட்டு வராமல் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.